விபிஎன் போட்டால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? புது விபிஎன் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த். ஃபைபர் லைன், விண்டோஸ் லேப்டாப், காசு கட்டி வாங்கிய விபிஎன். ஆப்பில் "கனெக்டட்" என்று பச்சை எரிகிறது, யூடியூபும் ஜிமெயிலும் ஓடுகின்றன. ஆனால் வங்கித் தளம் "அக்சஸ் டினைடு" என்கிறது. இந்தியாவில், ஊரில் அம்மா பெயரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா பார்க்கும் அரசுத் தளம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஆபீஸ் விபிஎன் ஏறினாலும் ஷேர் ஃபோல்டர் வருவதில்லை. கரண்ட் போய் வந்த நாட்களில் விபிஎன்னே ஏறுவதில்லை, நிறுத்தினாலும் நெட் வருவதில்லை. வேறு கம்பெனி விபிஎன்னுக்கு மாறிவிடலாமா?

மாற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் சொல்வது நான்கு தனித்தனிக் கோளாறுகள். நான்குக்கும் விபிஎன் போட்டிருப்பது மட்டும்தான் பொது. புது விபிஎன் வாங்கினால் வங்கிப் பிரச்சினை ஒருவேளை பத்து நாள் தீரும், மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு தளம் திறக்க நான்கு காரியம் நடக்க வேண்டும். தளத்தின் பெயர் ஐபி எண்ணாக, அதாவது இணையத்தில் அதன் முகவரி எண்ணாக, மாற வேண்டும், இது டிஎன்எஸ் வேலை. நீங்கள் அனுப்பும் பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) விபிஎன் போடும் குழாய்க்குள் முழுசாக நுழைந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து தளத்தின் சர்வருக்குப் பாதை இருக்க வேண்டும். கடைசியாக, வாசலில் நிற்கும் பாதுகாப்பு உங்களை உள்ளே விட வேண்டும். எந்தப் படியில் நின்றது என்பதை பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஆகவே அந்தச் செய்தியை மூடிவிடாமல் அப்படியே எழுதி வையுங்கள், அல்லது போட்டோ எடுத்து வையுங்கள்.

"டிஎன்எஸ் ப்ரோப்" என்று தொடங்கும் செய்தி வந்தால் பெயரே கிடைக்கவில்லை. "டைம்ட் அவுட்" என்றால் கேள்வி போயிருக்கிறது, பதில் வரவில்லை. பாதையில் எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால் அந்த மெஷின் வரைக்கும் போய்விட்டீர்கள், அங்கே கதவு சாத்தியிருக்கிறது. "ரீசெட்" என்றால் நடுவில் யாரோ கயிற்றை வெட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒரு ஃபயர்வால், சில சமயம் தளமே. 403, 1020, "அக்சஸ் டினைடு" எல்லாம் ஒரே குடும்பம்: தளம் உங்களைப் பார்த்துவிட்டது, உள்ளே விட விருப்பமில்லை. 429 வந்தால் அதே ஐபியிலிருந்து அளவுக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள் என்று பொருள். சான்றிதழ் தேதி தவறு என்று வந்தால் முதலில் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் மட்டும் "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்தவே அழுத்தாதீர்கள், குறிப்பாக வங்கிப் பக்கத்தில். நடுவில் யாரோ குறுக்கே நிற்கலாம்.

அடுத்து, ஐந்து நிமிடச் சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விபிஎன்னை நிறுத்திவிட்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் விபிஎன்மேல் பழி போட வேண்டாம், தளமோ லைனோ படுத்திருக்கிறது. திறந்தால், விபிஎன் போட்டு அதே நாட்டில் வேறு சர்வர். பிறகு பிரைவேட் விண்டோ. பிறகு லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே விபிஎன். சர்வர் மாற்றியதும் சரியானால் பழைய சர்வரின் ஐபி கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. பிரைவேட் விண்டோவில் சரியானால் பழைய குக்கி. ஹாட்ஸ்பாட்டில் சரியானால் வீட்டு ரௌட்டர் அல்லது ஃபைபர் லைன். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான் பலரும் செய்வது. அதில் ஒரு மாலைப் பொழுது போவதோடு, கோளாறு எங்கே என்ற தடயமும் போய்விடும்.

சுற்றிக்கொண்டே நிற்கும் பக்கத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிங் (சின்னதாக ஒரு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் ஒரு சில தளம் மட்டும் வெள்ளையாகச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் டைம்ட் அவுட் ஆகிறது. இந்த அடையாளம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எம்டியு. ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. சாதாரண லைனில் 1500 பைட். ரௌட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு ஏறும் பிபிபிஓஇ வகை ஃபைபரில் 8 பைட் அதற்கே போய்விடும், மிச்சம் 1492. விபிஎன் உங்கள் பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறது. விபிஎன் ப்ரோட்டோகால்களில் (இணைப்பு முறைகளில்) ஒன்றான வயர்கார்டின் உறை, பழைய ஐபி எண் முறையான ஐபிவி4 லைனில் 60 பைட், புதிய முறையான ஐபிவி6 லைனில் 80 பைட். அதனால்தான் வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. 1500இல் 80 கழித்தது. 1492 லைனில், வெளிப்பாதை ஐபிவி6 ஆக இருந்தால் 1412க்கு மேல் போகாது. ஆனால் ஆப் 1420 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த எட்டே பைட் வித்தியாசத்தில் பெரிய பாக்கெட் எல்லாம் விழும்.

பெரிதாக இருந்தால் "சின்னதாக்கி அனுப்பு" என்று நடுவில் உள்ள ரௌட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லும். ஆனால் அந்தச் செய்தி ஐசிஎம்பி வகை. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருக்கும் ஃபயர்வால்கள் நிறைய. அனுப்பும் சர்வருக்குச் செய்தி கிடைக்காது, அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அதுவும் விழும். முதல் கைகுலுக்கல் சின்ன பாக்கெட், அது போய்விடும். தளத்தின் சான்றிதழ் பெரிய பாக்கெட், அது வராது. பக்கம் சுற்றும். யூடியூப் போன்ற பெரிய தளங்கள் இந்த நிலைமைக்குத் தயாராக இருப்பதால் அவை ஓடும். ஒரு அரசுத் தளமோ சிறிய கம்பெனித் தளமோ நின்றுவிடும். "யூடியூப் ஓடுதே, லைன் நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்க வைப்பது இதுதான்.

அளந்து பார்ப்பது எளிது. விபிஎன்னை நிறுத்துங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ஆங்கில எழுத்தில், பிங் 1.1.1.1 -எஃப் -எல் 1472 என்று அடியுங்கள். எஃப் என்றால் உடைக்காதே, எல் என்றால் அளவு. கூகுளின் 8.8.8.8ஐ இதற்கு எடுக்காதீர்கள். பெரிய பிங்குக்கு அது சில சமயம் பதிலை வெட்டி அனுப்புவது உண்டு, குழப்பும். 1472க்குப் பதில் வந்தால் உங்கள் லைன் 1500, ஏனென்றால் தலைப்புக்கு 28 பைட் சேரும். "உடைக்க வேண்டும், ஆனால் உடைக்காதே என்று சொல்லியிருக்கிறது" என்ற பொருளில் செய்தி வந்தால் 1464 போடுங்கள். அது போனால் 1492, அதாவது பிபிபிஓஇ. அதுவும் போகவில்லை என்றால் பத்துப் பத்தாக இறக்குங்கள். மொபைல் டேட்டாவில் 1500க்குக் கீழே இருப்பது சகஜம்.

கணக்கே வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. விபிஎன் ஆப்பில் எம்டியு போடும் இடம் இருந்தால் 1280 போட்டு, இணைப்பை அறுத்துத் திரும்ப ஏற்றி, அந்தச் சுற்றும் பக்கத்தைத் திறங்கள். திறந்துவிட்டால் குற்றவாளி எம்டியுதான். பிறகு 1380, 1400 என்று ஏற்றி, எதுவரை திறக்கிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். வயர்கார்ட் கான்ஃபிக் ஃபைல் நீங்களே வைத்திருந்தால் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு என்று ஒரு வரி. ஓபன்விபிஎன் என்ற இன்னொரு முறை என்றால் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் என்ற வரியில் 1360 அளவில் தொடங்கலாம். ஆப்பில் அந்த இடமே இல்லை என்றால் ப்ரோட்டோகாலை மாற்றிப் பாருங்கள். ஓபன்விபிஎன்னை டிசிபியில் (ஒவ்வொரு பாக்கெட்டும் சேர்ந்ததா என்று உறுதிசெய்து அனுப்பும் முறை) ஓட்டினால் மெதுவாக இருக்கும், ஆனால் இந்த நோய் அதில் குறைவு. 1280 போட்டும் சுற்றினால் எம்டியுவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டிஎன்எஸ் பக்கம் அடிக்கடி நடப்பது: விபிஎன் தன் டிஎன்எஸ்ஸைக் கொடுக்கிறது, ஆனால் பிரவுசர் "செக்யூர் டிஎன்எஸ்" என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று மூன்றாவது ஒன்று. விபிஎன் குழாய்க்கு வெளியே உள்ள எதையும் அடைக்கும் ஆப் என்றால், அந்தப் போனில் பெயரே கிடைக்காது. பிரவுசரிலும் போனிலும் அவற்றை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடித்து, சேர்த்து வைத்த பழைய பெயர்ப் பதில்களை அழியுங்கள். என்எஸ்லுக்அப் என்று அடித்துத் தளத்தின் பெயரைக் கொடுத்தால் எந்த டிஎன்எஸ் பதில் சொல்கிறது என்று முதல் வரியிலேயே தெரியும். விபிஎன் ஓடும்போது அங்கே 192.168 என்று வீட்டு ரௌட்டர் எண் வந்தால், பெயர்க் கேள்விகள் குழாய்க்கு வெளியே கசிகின்றன.

ஐபிவி6உம் அப்படியே. லைனில் ஐபிவி6 இருந்து விபிஎன் ஐபிவி4ஐ மட்டும் தூக்கிச் செல்கிறது என்றால், ஒரே பக்கத்தின் பாதி இந்தியாவிலிருந்தும் பாதி டர்பனிலிருந்தும் போவதுபோல் தளத்துக்குத் தெரியும். லாகின் ஆகி அடுத்த நொடியே வெளியே தள்ளும் தளங்களில் இதையும் பாருங்கள். ஆப்பில் ஐபிவி6 கசிவுத் தடுப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி6 டிக்கை எடுத்துச் சோதியுங்கள்.

வங்கித் தளத்தைச் சரிசெய்ய முயலவே வேண்டாம் என்பேன். "அக்சஸ் டினைடு" என்று வருகிறது என்றால் உங்கள் பக்கத்தில் எல்லாம் சரி, வாசலில் நிற்பவர்தான் மறுக்கிறார். விபிஎன் சர்வரின் ஒரே ஐபியில் ஒரே நேரத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் வருகிறார்கள், அவர்களில் திருடர்களும் உண்டு. டேட்டா சென்டர் ஐபி என்றாலே வங்கிகளின் பாதுகாப்பு மென்பொருள் சந்தேகப்படும். நீங்கள் சர்வரை மாற்றி மாற்றி லாகின் செய்தால், பத்து நிமிடத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் சிங்கப்பூரிலும் ஜொஹானஸ்பர்கிலும் இருந்த ஆள் என்று பதிவாகும். அக்கவுன்ட் பூட்டப்படுவது அப்படித்தான். வங்கியோடு நடக்கும் பேச்சு ஏற்கெனவே டிஎல்எஸ் குறியாக்கத்தில் போகிறது. வீட்டு லைனில் விபிஎன் இல்லாமல் வங்கிக்குப் போவதில் பாதுகாப்புக் குறைவு எதுவும் இல்லை.

ஒவ்வொரு முறையும் விபிஎன்னை நிறுத்திப் போடுவது தொல்லை என்றால் ஸ்ப்ளிட் டனலிங், அதாவது சில ஆப்களை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் வசதியைப் பயன்படுத்துங்கள். எளிய ஏற்பாடு: ஃபயர்ஃபாக்ஸை விபிஎன்னிலிருந்து விலக்கி, அதில் வங்கியும் வருமான வரித் தளமும் மட்டும். குரோம் விபிஎன்னுக்குள். எந்த பிரவுசரில் எது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். ஆண்ட்ராய்டில் வங்கி ஆப்பையே விலக்கலாம். ஐபோனில் பெரும்பாலான விபிஎன் ஆப்களில் இந்த வசதி கிடையாது, அங்கே நிறுத்திப் போடுவதுதான். விலக்கிய பிறகும் மறுப்பு வந்தால் அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழித்து, பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள்.

பட்டா தளத்துக்கு எம்டியு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்திய அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டு ஐபிக்குத் திறப்பதில்லை. மறுக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் பாக்கெட்டை அப்படியே கீழே போட்டுவிடும், அதனால் உங்களுக்கு அது சுற்றுவதாகத் தெரியும். சரி, விபிஎன்னில் "இந்தியா" என்று தேர்வு செய்திருக்கிறீர்கள். அந்த இந்தியா எங்கே இருக்கிறது என்று தெரியுமா? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு சேர்த்து வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதன்பின் இப்படிப்பட்ட ஆப்களில் "இந்தியா" என்று இருப்பது பெரும்பாலும் விர்ச்சுவல் இடம்: மெஷின் சிங்கப்பூரிலோ லண்டனிலோ, ஐபிக்கு மட்டும் இந்திய முகவரிப் பதிவு.

இதனால் இரண்டு விளைவு. ஒன்று, சில தளங்களின் பட்டியலில் அந்த ஐபி இந்தியா, சிலவற்றில் சிங்கப்பூர். ஒரே விபிஎன்னில் ஒரு இந்தியத் தளம் திறந்து இன்னொன்று திறக்காமல் போவது இதனால்தான். இரண்டு, தூரம். கண்ணாடி இழையில் ஒளி 1000 கிலோமீட்டர் போய்வர ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் எடுக்கும். டர்பனிலிருந்து நேராக மும்பைக்குப் போகாமல், லண்டன் போய் அங்கிருந்து இந்தியா போனால் ஒரு கேள்விக்குப் பதில் வர முந்நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது இயல்பு. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல போக்குவரத்து வேண்டும். அதற்குள் கேப்சாவின் நேரம் முடிந்துவிடும், ஓடிபி காலாவதியாகிவிடும், "செஷன் எக்ஸ்பயர்ட்" என்று வந்து நிற்கும். இத்தனைக்கும் நம் கரையிலிருந்தே இந்தியாவுக்கு நேர் கடலடி கேபிள் இருக்கிறது. குவாசுலு-நாட்டால் கரையில் ம்துன்சினியில் ஏறும் சேஃப் கேபிள் மொரீஷியஸ், ரீயூனியன் வழியாகக் கொச்சிக்கும் அங்கிருந்து பினாங்குக்கும் போகிறது. அதே ம்துன்சினியிலிருந்து சீகாம் என்ற இன்னொரு கேபிள் மும்பையைத் தொடுகிறது. ஆனால் உங்கள் பாக்கெட் எந்தப் பாதையில் போகும் என்பதை லைன் கொடுக்கும் கம்பெனியும் விபிஎன் கம்பெனியும் செய்திருக்கும் ஒப்பந்தங்கள் முடிவு செய்கின்றன. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ட்ரேஸர்ட் (பாக்கெட் போகும் வழியை வரிசையாகக் காட்டுவது) என்று அடித்துத் தளத்தின் பெயரையும் கொடுத்துப் பார்த்தால், எண்கள் சட்டென்று 150, 160 என்று எகிறும் வரியில் ஐரோப்பிய ஊர்ப் பெயர் தென்படும்.

ஊரில் நம்பிக்கையான உறவு வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், இதற்கு விலைக்கு வாங்கும் எந்த விபிஎன்னைவிடவும் நல்ல வழி ஒன்று உண்டு: அந்த வீட்டு லைனையே உங்கள் வெளிவாசலாக வைத்துக்கொள்வது. டெயில்ஸ்கேல் என்ற இலவச ஆப் போதும். ஊர் வீட்டில் எப்போதும் சார்ஜில் இருக்கும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு, உங்கள் லேப்டாப்பிலும் போட்டு, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். ஊர்ப் பக்கத்தில் "ரன் ஆஸ் எக்ஸிட் நோட்" (வெளிவாசலாக ஓடு) என்பதை இயக்கி, டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்தில் அதற்கு ஒப்புதல் கொடுத்து, இங்கே அதை எக்ஸிட் நோடாகத் தேர்வு செய்தால் முடிந்தது. அங்கே ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர எண் இட்ட வழி) திறக்கத் தேவையில்லை, ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிடும் லைனாக இருந்தாலும் வேலை செய்யும். அதன் எம்டியு வழக்கமாகவே 1280, ஆக மேலே சொன்ன தொல்லையும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வழக்கமாக 180 நாளில் அதன் கீ காலாவதியாகும். அட்மின் பக்கத்தில் அந்த ஊர் மெஷினுக்கு மட்டும் கீ காலாவதியை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் சித்தப்பாவை போனில் கூப்பிட்டு எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும். நீங்கள் அந்த லைன் வழியே செய்யும் எல்லாமே அவர் பெயரில் உள்ள ஐபியில் பதிவாகும், அதை அவரிடம் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பட்டா, வங்கி, வரி என்று தேவையான வேலைக்கு மட்டும் எக்ஸிட் நோடைப் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுவது அவருக்கும் நல்லது. அவர் லைனின் அப்லோடு வேகம்தான் உங்களுக்கு டவுன்லோடு வேகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆபீஸ் ஷேர் ஃபோல்டர். வீட்டு ரௌட்டர் 192.168.1.1 ஆகவும், ஆபீஸ் சர்வர் 192.168.1.20 போல ஒன்றாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் லேப்டாப்புக்கு அந்த எண் பக்கத்து அறையில் இருப்பதாகத் தெரியும், குழாய்க்குள் அனுப்பவே அனுப்பாது. மெயிலும் இணையத் தளமும் திறக்கும், ஷேர் மட்டும் திறக்காது. விபிஎன் இரண்டு முனையிலும் ஒரே எண் வரிசை இருப்பதால் வரும் மோதல் இது. ஆபீஸ் மாறாது, வீட்டை மாற்றுங்கள்: ரௌட்டரின் லேன் பக்கத்தில் 192.168.83.1 என்பதுபோல் யாரும் வைக்காத எண்ணாக வைத்து, ரௌட்டரையும் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நிலையான ஐபி கொடுத்து வைத்த பிரின்டர், கேமரா இருந்தால் அவற்றிலும் மாற்ற வேண்டும். எண் மோதல் இல்லை என்றால், சர்வரின் சுருக்கப் பெயருக்குப் பதில் ஆபீஸ் டொமைனோடு சேர்ந்த முழுப் பெயரை அடித்துப் பாருங்கள். அது திறந்தால் டிஎன்எஸ் சஃபிக்ஸ் வரவில்லை, ஐடி ஆட்களிடம் அந்தச் சொல்லையே சொல்லுங்கள். சொந்த விபிஎன்னும் ஆபீஸ் விபிஎன்னும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. இரண்டும் பாதைப் பட்டியலைத் தன் பக்கம் இழுக்கும்.

இனி கரண்ட் போய் வந்த பிறகு ஏறாத விபிஎன். லோட் ஷெடிங் பழகிய நாம், கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக வரும் என்று எதிர்பார்க்கிறோம். விபிஎன் ரௌட்டரிலேயே ஓடுகிறது என்றால் இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. பல வீட்டு ரௌட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. எழும்போது பழைய தேதியோடு எழுந்து, பிறகு இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். வயர்கார்ட் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை அனுப்புகிறது. முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சர்வர் ஒதுக்கிவிடும். எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் வழியேதான் என்று அமைத்திருந்தால், நேரம் கேட்கும் பாக்கெட்டும் அந்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும். குழாய் ஏற நேரம் வேண்டும், நேரம் கிடைக்கக் குழாய் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். நேரச் சர்வருக்கும் அதன் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ்ஸுக்கும் மட்டும் விபிஎன்னுக்கு வெளியே பாதை விட்டால் தீர்ந்தது. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் வைத்தால் இந்த நிலையே பெரும்பாலும் வராது. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட் கேட்பவை, ஆனால் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்தே வாங்குங்கள்.

லேப்டாப்பில் ஓடும் வயர்கார்டுக்கு வேறு காரணம்: மறுமுனைப் பெயரை அது தொடங்கும்போது ஒருமுறைதான் எண்ணாக மாற்றிக்கொள்ளும். மறுமுனை ஒரு வீடாக இருந்து, அங்கே கரண்ட் போய் ஐபி மாறிவிட்டால், இது பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். டிஆக்டிவேட், ஆக்டிவேட், அவ்வளவுதான். மொபைல் லைனில் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு செத்துப்போகிறது என்றால் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போடுங்கள். 25 விநாடிக்கு ஒரு சிறு பாக்கெட் போய் வழியைத் திறந்து வைக்கும்.

நிறுத்தினாலும் நெட் வராதது கில் ஸ்விட்ச் வேலை. விபிஎன் அறுந்தால் எதையும் வெளியே விடாதே என்று நீங்கள்தான் எப்போதோ சொல்லியிருப்பீர்கள், அல்லது ஆப் தானே போட்டிருக்கும். ஆப்பைத் திறந்து அதை எடுங்கள். ஆப்பை அழித்தால் தடை சில சமயம் விண்டோஸில் தங்கிவிடும், அதனால் முதலில் ஸ்விட்ச், பிறகுதான் அழிப்பது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், விபிஎன், பக்கத்தில் உள்ள சக்கரக் குறி, அங்கே "ஆல்வேஸ்-ஆன்" என்றும் "விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு" என்றும் இரண்டு இருக்கும். இரண்டையும் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் வைஃபை அடாப்டரின் டிஎன்எஸ் 10 என்று தொடங்கும் ஏதோ ஒரு எண்ணில் மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

கேட்வே மாலிலோ கிங் ஷாகா ஏர்போர்ட்டிலோ வைஃபையில் ஏறவில்லை என்றால், முதலில் விபிஎன் இல்லாமல் ஏதாவது ஒரு பக்கம் திறந்து அவர்களுடைய ஏற்புப் பக்கத்தில் "சரி" கொடுத்துவிட்டு, பிறகு விபிஎன். அப்படியும் ஏறாவிட்டால் அங்கே யுடிபியை (உறுதி கேட்காமல் வேகமாக அனுப்பும் முறை) அடைத்திருப்பார்கள். வயர்கார்டின் போர்ட் 51820, ஓபன்விபிஎன்னின் 1194, ஐகேஇவி2 என்ற முறையின் 500, 4500 எல்லாமே வழக்கமாக யுடிபி. ஆப்பில் டிசிபி 443க்கு மாற்றுங்கள். அது சாதாரண இணையப் பக்கம் போகும் அதே போர்ட், அதை அடைத்தால் அவர்கள் வைஃபையே ஓடாது. வீட்டுக்கு வந்ததும் திரும்ப யுடிபிக்கு மாற்றிவிடுங்கள், டிசிபி குழாய்க்குள் டிசிபி போனால் லைன் கொஞ்சம் தடுமாறினாலும் வேகம் படுத்துவிடும்.

உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் ஐரோப்பா சர்வர்கள் மட்டும் ஒரே நாளில் ஊர ஆரம்பித்தால் கடலைப் பாருங்கள். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் பக்கம் வாக்ஸ் உட்பட நான்கு கடலடி கேபிள்கள் பழுதாகி மேற்குக் கரைப் போக்குவரத்து திண்டாடியது. அதே ஆண்டு மே மாதம் ஈசி, சீகாம் என்ற இரண்டு கேபிள்கள் டர்பனுக்கு வடக்கே அறுந்தன. இப்படிப்பட்ட நாட்களில் எம்டியுவையும் டிஎன்எஸ்ஸையும் நோண்டாதீர்கள், நல்லதையும் கெடுத்துக்கொள்வீர்கள். ஜொஹானஸ்பர்க் சர்வரைத் தேர்வு செய்தால் உள்ளூர்த் தளங்களுக்காவது கடலைத் தொடாமல் போகலாம்.

உங்கள் நிலைமையில் செய்யும் வரிசை இது. இன்றே கில் ஸ்விட்சைப் பாருங்கள், வங்கிக்கு ஃபயர்ஃபாக்ஸைப் பிரித்து வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். வார இறுதியில் ரௌட்டர் எண்ணை மாற்றுங்கள், வீட்டில் யாரும் வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து. பட்டா தளத்துக்கு முதலில் 1280 போட்டுப் பாருங்கள், திறக்காவிட்டால் ஊரில் எக்ஸிட் நோட். அழைக்கும்போது நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு தளம் பிடிவாதம் பிடித்தால் விபிஎன் கம்பெனிக்கு எழுதுங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆப்பை அழித்துப் போடச் சொல்லிப் பதில் வரும். தளத்தின் முழு முகவரி, பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து, எந்த சர்வர், எந்த ப்ரோட்டோகால், விபிஎன் இல்லாமல் திறக்கிறதா, ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறதா, விபிஎன் இல்லாமல் பிங்கில் போன பெரிய எண் எது, நடந்த நேரம். இந்த எட்டும் முதல் மெயிலிலேயே இருந்தால் முதல் படியில் உள்ளவரைத் தாண்டி நெட்வொர்க் ஆளின் கைக்கு அது போகும்.